“அப்பா என்ன வேலை?” – மூன்றரை வயதுக் குழந்தையிடம் கேட்கப்படும் கேள்வியும் சட்டம் விட்ட இடைவெளியும்

சென்னைக்குத் தெற்கே பெரும்பாக்கம் மறுகுடியமர்வுக் குடியிருப்பில், எட்டு மாடித் தொகுதிகளுள் ஒன்றில் உள்ள ஒரு வீட்டின் கதவு காலை ஐந்தரை மணிக்கே திறந்துவிடுகிறது. பழைய மாமல்லபுரம் சாலையின் அடுக்குமாடிகளுக்கு வீட்டுவேலைக்குச் செல்லும் பெண்களும், மாநகரின் தெருக்களைக் கூட்டச் செல்லும் பெண்களும் தூக்கம் கலையாத பிள்ளைகளைத் தோளில் சாய்த்துக் கொண்டுவந்து விட்டுச் செல்கிறார்கள். ஏழு மணிக்குள் அந்த ஒற்றை அறையில் ஒன்பது குழந்தைகள் சேர்ந்துவிடுகின்றன. இளையதற்கு ஒன்றரை வயது. மூத்ததற்கு நான்கு நிறையவில்லை.

அவ்வீட்டை நடத்தும் அக்கா பத்தாம் வகுப்பு வரை படித்தவர். தாய்மார் ஒவ்வொருவரும் தம்மால் இயன்றதைத் தருகிறார்கள். இயலாத மாதத்தில் அவர் கேட்பதில்லை. பெயர்ப்பலகையோ பதிவு எண்ணோ அங்கே இல்லை. ஆனால் அந்த அறையில் நடப்பது வெறும் பிள்ளை பார்த்தல் அன்று. சிறுநீர் வந்தால் சொல்வது, கைகழுவிவிட்டு உட்காருவது, தன் தட்டில் தானே உண்பது, சுண்ணக்கட்டியைப் பிடிப்பது, பெயரைக் கேட்டால் தலைகுனியாமல் உரக்கச் சொல்வது என ஒரு குழந்தை எல்.கே.ஜி. வகுப்பின் முதல் நாளை அழாமல் கடக்கத் தேவையான அனைத்தையும் அவர் பழக்குகிறார். வசதி படைத்தவர்கள் இதனையே ‘பள்ளிக்குத் தயார்நிலை’ எனக் குறிப்பிட்டு, குளிரூட்டப்பட்ட விளையாட்டுப் பள்ளிகளில் பெரும் பணம் செலுத்தி வாங்குகிறார்கள்.

2025ஆம் ஆண்டின் கோடையில் சட்ட உதவி முகாமுக்காக நாங்கள் அங்கே சென்றிருந்தபோது, அக்கா எங்களிடம் ஒரு கேள்வி கேட்டார். அவரிடம் வளரும் மூன்றரை வயதுச் சிறுமி ஒருத்திக்குத் தனியார் பள்ளி ஒன்றில் நேர்காணல் வைத்திருந்தார்கள். சிறுமியின் தந்தை கழிவுநீர்க் குழாய் அடைப்பு எடுக்கும் ஒப்பந்தத் தொழிலாளி. தாய் அக்காவிடம் வந்து, “ஸ்கூல்ல ‘அப்பா என்ன வேல’ன்னு கேப்பாங்களாம்க்கா. ‘கம்பெனில வேல’ன்னு சொல்லப் பழக்கிவுடுங்க” என்று கேட்டுக்கொண்டிருக்கிறார்.

“பொய் சொல்லக் கூடாதுன்னு நான்தான் அதுங்களுக்குச் சொல்லிக்குடுக்கறேன். இத எப்படிங்க நானே சொல்லிக்குடுக்கறது? நீங்க வக்கீலுங்க, நீங்களே சொல்லுங்க.”

சட்டம் படித்த எங்களால் அந்தக் கேள்விக்கு உடனே பதில் சொல்ல இயலவில்லை. ‘அப்படிக் கேட்பதே சட்டவிரோதம்’ என்று சொல்லத்தான் நாவெழுந்தது. ஆயின் அது முழு உண்மை அன்று என்பதும் எங்களுக்குத் தெரியும். ஏன் முழு உண்மை அன்று என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம். தலித் குழந்தைகளின் கல்வி உரிமை குறித்துப் பேசும்போது நாம் வழக்கமாக முதல் வகுப்பிலிருந்து தொடங்குகிறோம். அதற்கு முந்தைய ஆறு ஆண்டுகள் நம் சட்டத்தின் கணக்கிலிருந்து எவ்வாறு விலக்கப்பட்டன என்பதையும், அதன் விலையை இன்று யார் செலுத்துகிறார்கள் என்பதையும் நாம் போதிய அளவு பேசியதில்லை.

ஆறு வயதில் போடப்பட்ட கோடு

1950இல் நடைமுறைக்கு வந்த அரசமைப்புச் சட்டத்தின் 45ஆவது கூறு, பத்தாண்டுகளுக்குள் எல்லாக் குழந்தைகளுக்கும் பதினான்கு வயது நிறையும்வரை இலவசக் கட்டாயக் கல்வி வழங்க அரசு முயல வேண்டும் என்றது. அதில் ‘பதினான்கு வயது நிறையும்வரை’ என்ற மேல்வரம்பு உண்டு, கீழ்வரம்பு கிடையாது. மூன்று வயதுக் குழந்தையும் அந்த வாக்குறுதிக்குள் அடங்கியிருந்தது. 1993இல் உன்னிகிருஷ்ணன் வழக்கில் உச்ச நீதிமன்றம், பதினான்கு வயது வரையிலான கல்வியை வாழ்வுரிமையின் பகுதியாக அறிவித்தபோதும் இந்த நிலை தொடர்ந்தது.

2002ஆம் ஆண்டின் 86ஆவது திருத்தம் கல்வியை அடிப்படை உரிமையாக்கியது என்று நாம் கொண்டாடுகிறோம். கொண்டாட்டத்திற்குரியதுதான். ஆனால் அதே திருத்தம் ஒரு கோட்டையும் போட்டது. புதிதாகச் சேர்க்கப்பட்ட 21-அ கூறு, ஆறு முதல் பதினான்கு வயது வரையிலான குழந்தைகளுக்கு மட்டுமே உரிமை அளித்தது. ஆறு வயதுக்குக் குறைந்தவர்கள் திருத்தப்பட்ட 45ஆவது கூறுக்குள் வைக்கப்பட்டார்கள். அவர்களுக்கு முன்பருவப் பராமரிப்பும் கல்வியும் வழங்க அரசு ‘முயலும்’. நீதிமன்றத்தில் கேட்டுப் பெறக்கூடிய உரிமை ஒரு வயதினருக்கு. வழிகாட்டு நெறி மற்றொரு வயதினருக்கு.

2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் இந்தக் கோட்டை அப்படியே ஏற்றுக்கொண்டது. அதன் 2(சி) பிரிவின்படி ‘குழந்தை’ என்றால் ஆறு முதல் பதினான்கு வயதுக்குட்பட்டவர். மூன்று முதல் ஆறு வயதினரின் முன்பருவக் கல்விக்கு அரசு தேவையான ஏற்பாடுகளைச் செய்ய‘லாம்’ என்கிறது 11ஆவது பிரிவு. செய்ய ‘வேண்டும்’ என்று சொல்லவில்லை. சட்டத்தில் இந்த இரண்டு விகுதிகளுக்கும் இடையிலுள்ள தொலைவு மிகப் பெரியது.

2015இல் இந்தியச் சட்ட ஆணையம் தனது 259ஆவது அறிக்கையில் இந்தக் குறையை நேரடியாகச் சுட்டியது. ஆறு வயதுக்குட்பட்ட ஒவ்வொரு குழந்தைக்கும் பராமரிப்பையும் உதவியையும் அடிப்படை உரிமையாக்கும் வகையில் 24-அ என்ற புதிய கூறைச் சேர்க்க வேண்டும், கல்வி உரிமைச் சட்டத்தின் 11ஆவது பிரிவைக் கட்டாயமாக்க வேண்டும் என்று பரிந்துரைத்தது. பரிந்துரை ஏட்டளவில் நிற்கிறது. 2020இல் வந்த தேசியக் கல்விக் கொள்கை மூன்று வயதிலிருந்தே கல்வியின் அடித்தளப் பருவம் தொடங்குகிறது என்று விரிவாக எழுதியது. ஆனால் அதனை உரிமையாக்கும் சட்டத் திருத்தம் வரவில்லை.

கேள்வி ஏன் குற்றமாகவில்லை?

இந்தக் கோடு பெரும்பாக்கத்துச் சிறுமியை எங்கே தொடுகிறது என்று பார்ப்போம்.

கல்வி உரிமைச் சட்டத்தின் 13ஆவது பிரிவு, சேர்க்கையின்போது குழந்தையையோ பெற்றோரையோ எந்தத் தெரிவு நடைமுறைக்கும் உட்படுத்தக் கூடாது என்கிறது. மீறினால் முதல்முறை 25,000 ரூபாய் வரையிலும், அடுத்தடுத்த ஒவ்வொரு முறையும் 50,000 ரூபாய் வரையிலும் அபராதம். ஒரு குழந்தையைவிட மற்றொரு குழந்தைக்கு முன்னுரிமை அளிக்கும் எந்த முறையும், குலுக்கல் போன்ற சமவாய்ப்பு முறையைத் தவிர, தெரிவு நடைமுறையே என்பது சட்டத்தின் வரையறை. தந்தையின் தொழிலைக் கேட்டுச் சேர்ப்பதும் விலக்குவதும் இதற்குள் தெளிவாக அடங்கும்.

ஆனால் இந்தச் சட்டத்தில் ‘குழந்தை’ என்பவர் ஆறு வயது நிரம்பியவர். 2013ஆம் ஆண்டு பிப்ரவரியில் தில்லி உயர் நீதிமன்றம், மழலையர் வகுப்புச் சேர்க்கை குறித்த வழக்கில், 25 விழுக்காட்டு ஒதுக்கீட்டு இடங்களைத் தவிர்த்த ஏனைய இடங்களுக்கு இச்சட்டம் பொருந்தாது என்று தீர்ப்பளித்தது. சிறு குழந்தைகளின் சேர்க்கைக்கும் பொருந்துமாறு சட்டத்தைத் திருத்துவது பற்றி அரசு சிந்திக்க வேண்டும் என்றும் அந்தத் தீர்ப்பிலேயே நீதிபதிகள் குறிப்பிட்டார்கள். திருத்தம் செய்யப்படவில்லை.

இதன் பொருள் என்ன? முதல் வகுப்புக்கு வரும் ஆறு வயதுச் சிறுவனை நேர்காணல் செய்வது தண்டனைக்குரியது. எல்.கே.ஜி.க்கு வரும் மூன்றரை வயதுச் சிறுமியை நேர்காணல் செய்வதைத் தடுக்கும் தெளிவான சட்ட வாசகம் இல்லை. தனியார் பள்ளிகளோ பெரும்பாலான இடங்களை எல்.கே.ஜி.யிலேயே நிரப்பிவிடுகின்றன. முதல் வகுப்பில் புதிதாக நுழைவதற்கு அங்கே இடம் மிச்சமிருப்பது அரிது. கதவு திறந்திருக்கும் வயதில் பாதுகாப்பு இல்லை. பாதுகாப்பு வரும் வயதில் கதவு மூடியிருக்கிறது.

‘பட்டியல் சாதியினர், பழங்குடியினர் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் இருக்கிறதே’ என்று மாணவத் தோழர்கள் கேட்கக்கூடும். 2016 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த திருத்தத்தின்படி, பட்டியல் சாதி அல்லது பழங்குடியைச் சேர்ந்த ஒருவர் கல்வி நிறுவனத்திற்குள் நுழைவதைத் தடுப்பதும், பொதுப் பயன்பாட்டிற்கான பாத்திரங்களைப் பயன்படுத்துவதைத் தடுப்பதும் 3(1)(இசட்-ஏ) பிரிவின்கீழ் குற்றங்கள். அங்கன்வாடியில் தனித் தட்டு, தனிக் குவளை வைத்தால் இப்பிரிவைக் கையிலெடுக்கலாம், எடுக்க வேண்டும். ஆனால் தனியார் பள்ளி அலுவலகம் சாதிப் பெயரை வாயால் உச்சரிப்பதில்லை. ‘இடங்கள் நிரம்பிவிட்டன’ என்று மட்டுமே சொல்லும். சாதிதான் காரணம் என்று மெய்ப்பிக்கும் சுமை, காலை ஐந்தரை மணிக்கு வேலைக்குப் போகும் தாயின் தலையில் விழுகிறது.

தெரிவு நடைமுறைக்கு எதிரான தடையின் பெருமை இங்கேதான் விளங்கும். அந்தத் தடை உள்ள இடத்தில் உள்நோக்கத்தை யாரும் மெய்ப்பிக்க வேண்டியதில்லை. கேள்வியைக் கேட்டார்கள் என்பதே மீறல். நமக்குத் தேவையான அந்தக் கருவி, தேவையான வயதில் நம் கையில் இல்லை.

ஒதுக்கீடு நின்ற ஆண்டு

அந்தத் தாய் ஏன் 25 விழுக்காட்டு ஒதுக்கீட்டில் விண்ணப்பிக்கவில்லை என்ற ஐயம் எழலாம். கல்வி உரிமைச் சட்டத்தின் 12(1)(சி) பிரிவு, தனியார் பள்ளிகளின் நுழைவு வகுப்பில் குறைந்தது 25 விழுக்காட்டு இடங்களை நலிந்த, வாய்ப்பு மறுக்கப்பட்ட பிரிவினருக்கு வழங்கச் சொல்கிறது. பள்ளியில் மழலையர் வகுப்பு இருந்தால் அங்கிருந்தே இது தொடங்க வேண்டும். ஆறு வயதுக்குக் கீழே சட்டம் கைநீட்டும் அரிய இடம் இது. தமிழ்நாட்டில் இணையவழி விண்ணப்பமும், இடத்திற்கு மேல் விண்ணப்பங்கள் வந்தால் குலுக்கலும் நடைமுறையில் உள்ளன.

ஆனால் 2025–26 கல்வியாண்டில் அந்த வழி அடைபட்டது. தேசியக் கல்விக் கொள்கையோடு பிணைந்த பி.எம். ஸ்ரீ பள்ளித் திட்டத்தில் தமிழ்நாடு கையெழுத்திடவில்லை என்பதால், ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தின்கீழ் தர வேண்டிய 2,152 கோடி ரூபாயை ஒன்றிய அரசு நிறுத்திவைத்தது. கல்வி உரிமைச் சட்டத்தின்கீழ் பள்ளிகளுக்குத் தர வேண்டிய கட்டணத் தொகையும் இந்தச் சிக்கலில் மாட்டிக்கொண்டது. வழக்கமாகக் கோடையில் தொடங்கும் சேர்க்கை தொடங்கவேயில்லை. 2025 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றம், கல்வி உரிமைச் சட்டத்திற்கான நிதியைக் கொள்கைப் பிணக்கோடு கட்டிப்போட வேண்டியதில்லை என்று சுட்டிக்காட்டியது. எனினும் கல்வியாண்டு தொடங்கிப் பல மாதங்கள் கழிந்த பின்னரே சேர்க்கைப் பணி மீண்டும் தொடங்கியது.

ஒன்றிய அரசின் கொள்கைத் திணிப்பை எதிர்க்கும் மாநில அரசின் நிலைப்பாட்டை நாம் ஆதரிக்கிறோம். ஆனால் இரண்டு அரசுகளின் போராட்டத்தில் ஒரு வயதுப் பிரிவு முழுவதும் பிணையாக்கப்பட்டது என்பதையும் சொல்லியாக வேண்டும். மாநில அரசு தன் நிதியிலிருந்து முன்கூட்டியே வழங்கிவிட்டு, பின்னர் ஒன்றியத்திடம் வழக்காடி வசூலித்திருக்க இயலாதா? ஐந்து மாதம் என்பது அரசுக் கோப்புக்குச் சிறு காலம். மூன்றரை வயதுக் குழந்தைக்கு அது வாழ்நாளில் எட்டில் ஒரு பங்கு.

காத்திருக்க வழியற்ற அந்தத் தாய் கடன் வாங்கினார். கட்டணம் செலுத்திச் சேரும் வரிசையில் நின்றார். சட்டத்தின் தடை எட்டாத வரிசை அது.

முற்றத்திலிருந்து தொடங்கிய சொல்

‘அங்கன்வாடி இருக்கும்போது வீட்டுக் காப்பகம் எதற்கு?’ என்ற கேள்வியும் நியாயமானதே. 1975 அக்டோபர் 2 அன்று தொடங்கப்பட்ட ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சிப் பணிகள் திட்டம் இந்த நாட்டின் ஏழைக் குழந்தைகளுக்குக் கிடைத்த ஆகப்பெரிய அரண். தமிழ்நாட்டில் மட்டும் 54,439 குழந்தைகள் மையங்கள் இயங்குகின்றன. ஆனால் இங்கே அங்கன்வாடியில் அன்றாடம் அமர்வது இரண்டு வயது நிறைந்த குழந்தைகள். ஒன்றரை வயதுக் கைக்குழந்தைக்குச் சத்துமாவு கிடைக்கும்; பகல் முழுதும் பார்த்துக்கொள்ள ஆள் கிடைக்காது. மேலும், அங்கன்வாடியின் கதவு திறப்பதற்குள் அந்தத் தாய் இரண்டு வீடுகளில் பாத்திரம் துலக்கி முடித்திருப்பார்.

உழைக்கும் பெண்களுக்கான குழந்தைக் காப்பகம் நம் சட்டங்களில் இல்லாமல் இல்லை. 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம் முப்பதுக்கு மேற்பட்ட பெண்கள் பணிபுரியும் ஆலையில் காப்பகம் வேண்டும் என்றது. 2017இல் திருத்தப்பட்ட மகப்பேறு நலச் சட்டம் ஐம்பது பேரோ அதற்கு மேற்பட்டோரோ பணிபுரியும் நிறுவனங்களைக் கட்டாயப்படுத்தியது. இவையனைத்தும் ஒரே கூரையின்கீழ் எத்தனை பேர் வேலை செய்கிறார்கள் என்று எண்ணுகின்றன. வீட்டுவேலை செய்யும் பெண்ணின் பணியிடம் ஒரு சமையலறை. அங்கே அவர் ஒருவர்தான். கூவத்தின் கரையிலும் அடையாற்றின் கரையிலும் வாழ்ந்த காலத்தில் பிள்ளையைப் பார்த்துக்கொள்ளப் பாட்டியோ பக்கத்து வீட்டுச் சித்தியோ இருந்தார்கள். கண்ணகி நகருக்கும் செம்மஞ்சேரிக்கும் பெரும்பாக்கத்துக்கும் மக்களைப் பெயர்த்துக் குடியமர்த்தியபோது, குடும்பங்களுக்கு வீடுகள் ஒதுக்கப்பட்டன, உறவுகள் ஒதுக்கப்படவில்லை. அந்த வெற்றிடத்தில்தான் அக்காவின் வீடு முளைத்தது.

சிற்றூர்களில் வேறொரு சிக்கல். அங்கன்வாடி எங்கே இருக்கிறது என்பதே சாதிக் கேள்வி. மையம் ஊர்த் தெருவில் இருந்தால் காலனிக் குழந்தை போகத் தயங்குகிறது. காலனியில் இருந்தால் ஊர்க் குழந்தை வருவதில்லை. உணவு உரிமை வழக்கில் உச்ச நீதிமன்றம் 2004 அக்டோபரில், பட்டியல் சாதி, பழங்குடியினர் குடியிருப்புகள் அனைத்திலும் அங்கன்வாடிகள் அமைக்கப்பட வேண்டும் என்று தனித்துக் குறிப்பிட நேர்ந்ததற்கு இதுவே பின்னணி. 2018இல் திருப்பூர் மாவட்டம் திருமலைக்கவுண்டன்பாளையத்தில் அருந்ததியர் பெண் ஒருவர் அரசுப் பள்ளியில் சமைக்கக் கூடாது என்று சாதி இந்துக்கள் திரண்டார்கள். 2023இல் காலை உணவுத் திட்டம் விரிவுபடுத்தப்பட்டபோது கரூர் மாவட்டத்தில் தலித் பெண் சமைத்த உணவைத் தம் பிள்ளைகள் உண்ணக் கூடாது என்று சில பெற்றோர் தடுத்தார்கள். பிள்ளைகள் சாதியைக் கற்பது பத்தாம் வகுப்பில் கயிறு கட்டும்போது அன்று. யார் சமைத்ததை உண்ணக் கூடாது என்று வீட்டில் சொல்லி அனுப்பும்போதே கற்றுவிடுகிறார்கள்.

‘அங்கன்வாடி’ என்ற சொல்லின் வரலாறு இங்கே நினைவுகூரத்தக்கது. 1945இல் கடலோர மகாராட்டிரத்தின் போர்டி கிராமத்தில் கல்வியாளர் தாராபாய் மோடக் சிறு குழந்தைகளுக்கான பால்வாடியைத் தொடங்கினார். தீண்டாமைக்குள்ளான மக்களின் பிள்ளைகள் பால்வாடிக்கு வராதபோது, அவரும் அவருடைய இணைப்பணியாளர் அனுதாய் வாக்கும் பால்வாடியையே அம்மக்களின் குடியிருப்பு முற்றத்திற்குக் கொண்டுசென்றார்கள். ‘அங்கன்’ என்றால் முற்றம். நாடெங்கும் இன்று அரசுப் பலகையில் எழுதப்பட்டுள்ள சொல், நம் மக்களின் முற்றத்திலிருந்து பிறந்தது. பெரும்பாக்கத்து அக்கா அந்த மரபைத் தாம் அறியாமலே தொடர்கிறார்.

போற்றுதலும் ஐயமும்

அக்காவின் வீட்டைப் போற்றி எழுதிவிட்டு நகர்வது எளிது. ஆனால் அதில் மூன்று ஆபத்துகள் உள்ளன.

முதலாவது, பாதுகாப்பு. 2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் 94 பிஞ்சுகள் தீயில் கருகியதை நாம் மறக்கவில்லை. மூன்றாம் மாடியில், எரிவாயு அடுப்புக்கு அருகில், ஒன்பது குழந்தைகள் இருப்பதை ‘மக்களின் முன்முயற்சி’ என்று மட்டும் வருணிப்பது பொறுப்பின்மை. அதே வேளையில், விளையாட்டுப் பள்ளிகளுக்காக 2015இல் வகுக்கப்பட்ட ஒழுங்குமுறை விதிகளை அப்படியே இங்கே பொருத்தினால் இந்த வீடு அடுத்த நாளே மூடப்படும். குழந்தைகள் பாதுகாப்பான வேறிடத்திற்குப் போகமாட்டார்கள், பூட்டிய வீட்டிற்குள் அக்காள்மாரின் மடிக்குத்தான் போவார்கள். எட்டு வயது அக்காளின் படிப்பு அங்கே முறியும். ஆகவே ஒழுங்குமுறை வேண்டும்; அது தண்டிக்கும் முறையாக இல்லாமல், அரசு செலவில் தரமுயர்த்தும் முறையாக இருக்க வேண்டும்.

இரண்டாவது, மலிவான உழைப்பு. அங்கன்வாடிப் பணியாளர்களையே ‘மதிப்பூதியம்’ பெறும் தன்னார்வலர்கள் என்று சொல்லி அரை நூற்றாண்டாக அரசு ஏய்த்துவந்தது. அவர்களுக்குப் பணிக்கொடை பெறும் உரிமை உண்டு என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளிக்க 2022 ஏப்ரல் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அக்காவைப் பாராட்டும் அரசு, அவரை முன்னுதாரணமாகக் காட்டித் தன் கடமையிலிருந்து நழுவிவிட நாம் அனுமதிக்கலாகாது.

மூன்றாவது, ‘தயார்நிலை’ என்ற சொல்லே. தாய்மார் அக்காவிடம் கேட்பது, மூன்று வயதில் ஏ, பி, சி, டி எழுத வேண்டும் என்பதைத்தான். விரல் தசைகள் முதிராத வயதில் கோடு போட்ட ஏட்டில் எழுதவைப்பது தவறு என்று குழந்தைக் கல்வியாளர்கள் அனைவரும் சொல்கிறார்கள். தமிழ்நாட்டு அங்கன்வாடிகளின் பாடத்திட்டத்திற்கே ‘ஆடிப் பாடி விளையாடு பாப்பா’ என்றுதான் பெயர். ஆனால் அந்தத் தாய்மாரை அறியாமை உடையவர்கள் என்று எவரும் எண்ண வேண்டாம். ஆங்கிலம் எந்தக் கதவைத் திறக்கிறது என்பதை, அந்தக் கதவுகளுக்குப் பின்னே தரை துடைக்கும் அவர்கள் நம்மைவிட நன்கு அறிவார்கள். அரசு அங்கன்வாடிகளில் எல்.கே.ஜி., யு.கே.ஜி. வகுப்புகள் 2019இல் 2,381 மையங்களில் தொடங்கப்பட்டதும், 2022இல் அவற்றைக் கைவிடும் முடிவு வந்தபோது எழுந்த எதிர்ப்பால் அம்முடிவு திரும்பப் பெறப்பட்டதும் இந்த விருப்பத்தின் வலிமையைக் காட்டும். பிழை தாயின் ஆசையில் இல்லை. நுழைவாயிலில் குழந்தையைச் சோதிக்கும் பள்ளி இருக்கும்வரை, வீட்டிலும் காப்பகத்திலும் அந்தச் சோதனைக்கான ஒத்திகைதான் நடக்கும். குழந்தை பள்ளிக்குத் தயாரா என்று கேட்கும் பள்ளியிடம், இந்தக் குழந்தைக்கு நீ தயாரா என்று கேட்கும் அதிகாரத்தைச் சட்டம் நமக்குத் தர வேண்டும்.

நாம் கேட்க வேண்டியவை

முதலில், ஒன்றிய அரசு சட்ட ஆணையத்தின் 259ஆவது அறிக்கையை நிறைவேற்ற வேண்டும். பிறந்தது முதல் ஆறு வயது வரையிலான பராமரிப்பும் கல்வியும் அடிப்படை உரிமையாக வேண்டும்.

இரண்டாவதாக, அதற்காகக் காத்திராமல், மழலையர் வகுப்புச் சேர்க்கையில் குழந்தையையோ பெற்றோரையோ நேர்காணல் செய்வதையும், பெற்றோரின் தொழிலைக் கேட்பதையும் தமிழ்நாடு அரசு சட்டத்தின் வழியே தடை செய்ய வேண்டும். கல்வி பொதுப் பட்டியலில் உள்ளது. மாநிலச் சட்டமன்றத்திற்கு இதில் அதிகாரம் உண்டு.

மூன்றாவதாக, 12(1)(சி) ஒதுக்கீட்டுச் சேர்க்கை எந்த நிதித் தகராறாலும் நிற்காதவாறு மாநில அரசு தனி நிதியம் ஏற்படுத்த வேண்டும்.

நான்காவதாக, மறுகுடியமர்வுக் குடியிருப்புகளிலும் காலனிகளிலும் தாய்மாரின் வேலை நேரத்தோடு பொருந்தும், விடியலில் திறக்கும் அங்கன்வாடிக் காப்பகங்கள் வேண்டும். இப்போது வீடுகளில் பிள்ளை பார்க்கும் பெண்களுக்குப் பயிற்சி அளித்து, முழு ஊதியத்தோடு அங்கே பணியமர்த்த வேண்டும். காலனிக்கு அருகில் காப்பகம் என்பது காலனிக்குள்ளேயே நிறுத்திவைக்கும் ஏற்பாடாகிவிடக் கூடாது. மூன்று வயதிற்குப் பின் ஊர்ப் பிள்ளையும் காலனிப் பிள்ளையும் ஒரே பாயில் அமர்ந்து ஒரே குவளையில் நீர் அருந்தும் மையமே நம் இலக்கு.

கல்லூரித் தோழர்கள் இன்றே செய்யக்கூடிய பணி ஒன்றும் உண்டு. 2006 டிசம்பர் 13 அன்று உணவு உரிமை வழக்கில் உச்ச நீதிமன்றம், ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகள் நாற்பது பேர் இருந்தும் அங்கன்வாடி இல்லாத சிற்றூர்க் குடியிருப்புகளும் குடிசைப் பகுதிகளும் கோரினால், கோரிய நாளிலிருந்து மூன்று மாதங்களுக்குள் மையம் அமைக்கப்பட வேண்டும் என்று ஆணையிட்டது. உங்கள் காலனியில் வீடு வீடாகச் சென்று குழந்தைகளைக் கணக்கெடுங்கள். பெயர், வயதுப் பட்டியலோடு மாவட்டத் திட்ட அலுவலரிடம் மனு அளித்து ஒப்புகைச் சீட்டுப் பெறுங்கள். மையம் இருந்தும் ஊர்த் தெருவில் இருப்பதால் பிள்ளைகள் போகவில்லை என்றால் அதனையும் எழுதுங்கள். அத்துடன், பிறப்புச் சான்றும் சாதிச் சான்றும் இல்லாத குழந்தைகளின் பட்டியலைத் தனியே எடுங்கள். சேர்க்கைக் காலம் வந்தபின் சான்றுக்கு அலைந்து இடத்தை இழக்கும் குடும்பங்களை ஒவ்வோர் ஆண்டும் நாங்கள் பார்க்கிறோம்.

அக்காவின் கேள்விக்கு வருவோம். மேலே எழுதியவற்றின் சுருக்கத்தை அவரிடமும் அந்தத் தாயிடமும் அன்று சொன்னோம். கேள்வி கேட்பவர்கள்மீது புகார் கொடுக்கலாம், வழக்கும் தொடுக்கலாம், ஆனால் வெற்றி உறுதியில்லை என்று ஒளிக்காமல் சொன்னோம். தாய் பொறுமையாகக் கேட்டுவிட்டு, “கேஸ் போட்டா சீட்டு குடுப்பாங்களா?” என்றார். நாங்கள் இல்லை என்றோம்.

சிறுமி ‘கம்பெனி’ என்று சொல்லிப் பழகினாள். நேர்காணலில் அப்படியே சொன்னாள், இடமும் கிடைத்தது. அந்தத் தாய் செய்தது தவறு என்று சொல்லும் தகுதி எங்களுக்கு இல்லை. ஆனால் பள்ளி தொடங்கிய சில நாள்களில் அவள் தன் தந்தையிடம், “நீ எந்தக் கம்பெனிப்பா?” என்று கேட்டதாக அக்கா எங்களிடம் சொன்னார். அவர் பதில் சொல்லவில்லையாம்.

அந்த வேலைக்கு மனிதரை இறக்கக் கூடாது என்று 2013இல் ஒரு சட்டம் வந்தது. அந்த வேலையைச் செய்பவரின் மகளிடம் அதைப் பற்றிக் கேட்கக் கூடாது என்று சொல்லும் சட்டம் இன்னும் வரவில்லை. அக்காவின் வீட்டில் அடுத்த ஆண்டு பள்ளிக்குப் போக நான்கு குழந்தைகள் இருக்கிறார்கள்.